பத்தாம் தேதிக் கணக்கில் பெம்பஸ்

தோட்டத்தில் சம்பளம் பத்தாம் தேதி. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அன்றைக்குச் சாயங்காலம் கட்டாயம் ஒரு விசாரணை நடக்கும். கடைக் கொப்பியை விரித்து வைத்து, கோதுமை மா, சீனி, பருப்பு, டின் மீன் என்று இறங்கி வருகிற விரல் ஓரிடத்தில் நின்றுவிடும். "பெம்பஸுக்கா இம்புட்டு?" என்பார் மாமியார். "எங்க காலத்துல பழைய வேட்டியக் கிழிச்சுத்தான் ஆறு புள்ளைய வளர்த்தோம்." மருமகள் வாய் திறக்கமாட்டாள். மாமியார் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். முழு உண்மை அதில் இல்லை என்பதும் தெரியும். அந்த மீதி உண்மையை எடுத்துச் சொல்ல ஒரு கணக்கு வேண்டும். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் கடைக் கணக்கு. பிறந்த குழந்தை நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை வரை நனைக்கும். மூன்று மாதம் தாண்டினால் ஆறேழு தடவை, நடக்க ஆரம்பித்த பிறகு ஐந்து என்று குறைந்துகொண்டு வரும். இரண்டு வயது வரை வேறெதுவும் கட்டாமல் பெம்பஸ் மட்டுமே என்றால் ஏறத்தாழ 4,200 வேண்டியிருக்கும். விலை கடைக்குக் கடை, அளவுக்கு அளவு மாறும். கணக்குக்காக ஒன்று 60 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் கடையில் என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு ஆறு என்றால் மாதத்துக்கு 180, அதாவது 10,800 ரூபாய். இரண்டு வயது வரைக்கும் இரண்டரை லட்சம்.

இப்போது அதைக் கூலியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் கத்தி, 2021இல்தான் அது சட்டப்படி கைக்கு வந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் 1,550 என்றும், வருகைக்கான ஊக்கத்தொகையாக அரசாங்கம் 200 தரும் என்றும் அறிவித்தார்கள். எல்லாம் சேர்த்து 1,750 என்றே வைத்தாலும், மாதத்தில் ஆறு நாள் பறித்த கொழுந்து பெம்பஸுக்கே போகிறது. அதுவும் ஈ.பி.எஃப்., சந்தா, மற்றப் பிடிப்புகள் எல்லாம் போவதற்கு முந்திய கணக்கு. இந்த இடத்தில் மாமியார் கட்சிக்கே வெற்றி.

கொப்பிக் கடனில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பத்தாம் தேதி கையில் காசு இருக்கும்போது பெரிய பக்கெட் வாங்கினால் ஒன்றின் விலை குறையும். இருபதாம் தேதிக்குப் பிறகு பக்கெட் வாங்க முடியாமல், கடைக்காரர் பிரித்து வைத்திருக்கிற பக்கெட்டிலிருந்து இரண்டு மூன்றாகத் தனியாக வாங்கும்போது ஒன்றின் விலை ஏறும். காசு குறைந்தவர் கூடுதல் விலை கொடுப்பது தேயிலைத் தூள், ஷாம்பு முதல் எல்லாவற்றிலும் நடக்கிறதுதான். பெம்பஸில் அது தினமும் நடக்கிறது.

விலை நம் கையிலும் இல்லை, கடைக்காரர் கையிலும் இல்லை. உள்ளே இருக்கிற மரக்கூழும் உறிஞ்சுபொருளும் நம் மலையில் விளைகிறவை அல்ல. அவை டொலரோடு ஏறும், டொலரோடு இறங்கும். 2022 மார்ச்சில் 200 ரூபாய்ப் பக்கமாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. கைக்குழந்தை இருந்த வீடுகளில் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பால்மாவுக்கு அடுத்து இந்தப் பேச்சுத்தான் வரும்.

இனித் துணிக் கணக்கு. பழைய வேட்டியும் சாரமும் வீட்டில் இருந்தால் செலவே இல்லை. ஒரு பருத்திச் சேலையைக் கிழித்தால் ஏழெட்டுத் துண்டு வரும், சாரத்தில் நாலு. ஆனால் இன்றைக்கு நம் பெண்கள் உடுத்துகிற சேலையில் பெரும்பாலும் நைலோன், பொலியெஸ்டர். அது தண்ணீரைக் குடிக்காது, ஓரமாக வழியவிடும். மாமியாரின் ஆறு பிள்ளைகளைத் தாங்கிய பருத்தித் துணி இன்றைக்குப் பெட்டியில் இல்லை என்பது மருமகளின் குற்றமா? ஆக, கொஞ்சம் துணி வாங்கத்தான் வேண்டும். முப்பது துண்டு, ஒன்று 200 என்று வைத்தால் 6,000 ரூபாய். அது ஒரே தடவைச் செலவு, அடுத்த பிள்ளைக்கும் உதவும். மாதம் சவர்க்காரத்துக்கு ஒரு 1,500 போடுங்கள். பெம்பஸின் 10,800க்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

ஆனால் முப்பது துண்டு போதுமா? துணி பற்றிய புத்திமதிகள் பொதுவாக வெயில் ஊரிலிருந்து வருகின்றன. யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ காலையில் துவைத்தால் பத்து மணிக்கு மடித்து வைக்கலாம். ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம், நுவரெலியா 1,870. மே பிற்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நம் மேற்குச் சரிவில்தான் வந்து மோதுகிறது. பக்கத்து வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மழை விட்டாலும் மூடுபனி விடாது. கொடியில் போட்ட துணி காலையில் இருந்ததைவிடச் சாயங்காலம் ஈரமாக இருக்கிற நாட்களும் உண்டு.

ஆகவே எத்தனை துண்டு வேண்டும் என்பதற்குக் கணக்கு இப்படி: நாளைக்கு எத்தனை நனைகிறதோ அதை, ஒரு துண்டு காய எத்தனை நாள் எடுக்கிறதோ அதால் பெருக்கி, கட்டுவதற்கு ஒரு நாள் பங்கும் சேர்க்க வேண்டும். நாளைக்குப் பத்து நனைந்து ஒரே நாளில் காய்ந்தால் இருபது துண்டு போதும். ஜனவரி, பெப்ரவரியில் இது சரிவரும்; நுவரெலியாவில் விடியற்காலை புல்லில் உறைபனி கிடந்தாலும் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஜூன், ஜூலையில் காய மூன்று நாள் எடுத்தால் அதே பிள்ளைக்கு நாற்பது துண்டு வேண்டும். பிள்ளை பிறக்கப் போகிறது என்றால் துணி எண்ணுவதற்கு முன்னால் மாதத்தை எண்ணுங்கள். மே மாதம் பிறக்கிற பிள்ளைக்கும் டிசம்பரில் பிறக்கிற பிள்ளைக்கும் ஒரே பட்டியல் போட முடியாது.

காய்வதில் துணியின் தடிப்பும் பெரிய விசயம். இப்போது பட்டன் வைத்து, பூப்படம் போட்டு, உள்ளே திண்டு செருகுகிற துணி நெப்பி விற்கிறார்கள். வெளி உறை ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். உள்ளே வைக்கிற திண்டோ மூன்று நாலு அடுக்குத் தைத்தது. நடுவில் இருக்கிற ஈரம் வெளியே வர வழி தெரியாமல் அங்கேயே தங்கி, இரண்டாம் நாள் புளித்த வாடை வீசும். அதற்குப் பாட்டிமாரின் ஒற்றைத் துணியே மேல். கட்டும்போது நாலாக மடிக்கிறோம், காயப்போடும்போது முழுதாக விரிக்கிறோம். தடிப்பு தேவையானபோது தடிப்பு, மெலிசு தேவையானபோது மெலிசு. நம் மலைக்கு இதைவிடச் சரியான நெப்பியை எந்தக் கம்பனியும் இன்னும் செய்யவில்லை என்பது என் கட்சி.

மழை நாளில் எல்லோரும் செய்வது அடுப்புக்கு மேலே கொடி கட்டுவது. கவ்வாத்து மிலாறு எரிகிற அடுப்பு, பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா, மேலே வரிசையாகத் தொங்குகிற பிள்ளைத் துணி. துணி காயும், ஆனால் தொட்டுப் பாருங்கள், ஓரம் மொரமொரவென்று, நடுவில் குளிர்ந்து, விரலில் மெல்லிய கரி. முகர்ந்தால் புகை. இரவு முழுக்க அந்தப் புகையிலேயே பிள்ளையும் தூங்குகிறது, அது துணியில் படிவதைவிடக் கெட்டது. கரண்ட் இருக்கிற வீட்டில் முக்கால்வாசி காய்ந்த துணியை ஸ்திரிக்கைப் பெட்டியால் ஒரு இழுப்பு இழுப்பது நல்லது. ஈரமும் போகும், சூட்டில் கிருமியும் சாகும். ஒற்றைத் துணியானால் ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது தண்ணீர். வீட்டுக்குள் குழாய் இருக்கிறவருக்குத் துணி ஒரு கணக்கு, பீலிக்குப் போகிறவருக்கு வேறு கணக்கு. பத்துத் துண்டை ஒழுங்காக அலசக் குறைந்தது மூன்று தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். சவர்க்காரம் துணியில் தங்கினால் அதுவே பிள்ளையின் தோலைக் கடிக்கும். மலத்தை முதலில் கழிவறையில் தட்டிக் கொட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் ஒரு தடவை அலசி, பிறகு சவர்க்காரத்தில் ஊறவைக்க வேண்டும். அப்படியே பீலியில் கொண்டுபோய் அலசுவது, கீழ் லயத்துக்காரர் குடிக்கிற தண்ணீரில் அலசுவதுதான். குழந்தை மலம் பாவமில்லை, அழுக்கில்லை என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. வயிற்றுப்போக்குக் கிருமிக்கு அந்த நம்பிக்கை தெரியாது.

இனித்தான் மருமகளின் மீதி உண்மை. தண்ணீர் எடுத்து, ஊறவைத்து, கசக்கி, அலசி, காயப்போட்டு, மழை தூறினால் ஓடிப்போய் எடுத்து, மறுபடி போட்டு, மடித்து வைப்பதற்கு நாளைக்கு ஒரு மணி நேரம் என்பது குறைத்துச் சொன்ன கணக்கு. காலையில் பெரட்டுக்கு ஓடி, நாலரை ஐந்து மணி வரை மலையில் நின்று, கொழுந்து நிறுத்துக் கொடுத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, சமைத்து முடித்த பிறகு வருகிற ஒரு மணி நேரம் அது. மாதத்துக்கு முப்பது மணி. எட்டு மணி வேலைக்கு 1,750 என்றால் மணிக்கு ஏறத்தாழ 220. முப்பது மணிக்கு 6,600 ரூபாய். பெம்பஸுக்கும் துணிக்கும் மாதம் 9,300 ரூபாய் வித்தியாசம் என்று முதலில் தெரிந்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உண்மையில் அவளுடைய கூலி, யாரும் அவளுக்குக் கொடுக்காத கூலி. "அந்த ஒரு மணி நேரத்துக்கு யார் காசு குடுக்கப் போறாங்க?" என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக் கொழுந்துக்குப் போகிற எந்தப் பெண்ணிடமும் கேளுங்கள், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிலோ, எத்தனை ரூபாய் என்று உடனே சொல்வாள்.

துணி மலிவு என்று சொல்கிற வீட்டில் நான் முதலில் கேட்பது, துவைக்கிறது யார் என்பதைத்தான். தோட்டத்தில் ஆண்களின் வேலை பெரும்பாலும் கணக்கு வேலை: கவ்வாத்து, முள்ளுக்குத்துதல், கான் வெட்டுதல். கொடுத்த அளவை முடித்தால் மத்தியானம் ஒரு மணி, இரண்டு மணிக்கெல்லாம் வீடு திரும்பலாம். பெண்கள் திரும்ப இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும். வெயில் என்று ஏதாவது இருந்தால் அதுவும் அந்த நேரத்தில்தான். அப்பாமார் அந்த நேரத்தில் பிள்ளைத் துணியைத் துவைத்துப் போட்டால் 9,300 ரூபாயும் உண்மையான மிச்சம். பொம்பளை வேலையை ஆம்பளை செய்தால் லயத்தில் சிரிப்பார்கள் என்கிற பயம் இருந்தால், சிரிப்பவர்களிடமே மாதம் 9,300 ரூபாய் கேட்டுப் பார்க்கலாம்.

முதல் 84 நாளில் இந்தக் கேள்வி அவ்வளவாக உறைக்காது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தருகிற லீவு அது. முன்பு மூன்றாவது பிள்ளைக்குப் பாதிதான் இருந்தது. 2018இல் திருத்தி எல்லாப் பிள்ளைக்கும் 84 ஆக்கினார்கள். தாய் வீட்டில், பிள்ளையும் வீட்டில், பெரும்பாலும் அம்மாவோ மாமியாரோ கூட இருப்பார்கள். அந்த நாட்களில் துணியே நல்லது. பிறந்த பிள்ளையின் தோல் மெலிசு, அடிக்கடி நனைக்கும், நனைந்தவுடன் தெரியவும் வேண்டும். எத்தனை தடவை நனைக்கிறது என்பதுதான் பால் போதுமா என்பதற்கு முதல் அடையாளம். வீட்டுக்கு வருகிற குடும்ப நலத் தாதியும் அதைத்தான் கேட்பார். துணியானால் எண்ணிச் சொல்லலாம்.

எண்பத்தைந்தாம் நாள் கணக்கு மாறுகிறது. பிள்ளை மடுவத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விட வேண்டும். இன்றைக்கு அதன் பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று எழுதியிருக்கும். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் வந்த பிறகு நிறைய இடங்களில் கட்டடமும் ஆட்களும் மேம்பட்டிருக்கிறார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு இடைவேளையும் சட்டத்தில் உண்டு. ஆனால் ஒரு ஆயம்மாவின் கையில் எத்தனை பிள்ளைகள்! ஒவ்வொரு பிள்ளையின் துணியையும் அவரால் துவைக்க முடியாது. கழற்றியதைப் பையில் சுருட்டி வைப்பார், சாயங்காலம் அது அப்படியே உங்கள் கைக்கு வரும். காலை எட்டு மணிக்கு நனைந்து சுருட்டிய துணி ஐந்து மணிக்கு எப்படி இருக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. ஆகவே லீவு முடிவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே ஆயம்மாவிடம் பேசிவிடுங்கள்: துணி வாங்கிக்கொள்வாரா, மலத்தையாவது தட்டி வைப்பாரா, மூடி உள்ள வாளி ஒன்று கொடுத்தால் அதில் போட்டு வைப்பாரா என்று. பெம்பஸ்தான் வேண்டும் என்றால் நாளைக்கு மூன்று என்று கொடுங்கள், நனைந்ததும் மாற்றச் சொல்லுங்கள்.

இந்த "நனைந்ததும்" என்பதில்தான் பெம்பஸின் மாயம் இருக்கிறது. பம்பேர்ஸ் என்ற கம்பனிச் சாமான் 1961இல் அமெரிக்காவில் கடைக்கு வந்தபோது உள்ளே இருந்தது கடதாசிக் கூழ்தான். தடியாக, கனமாக இருந்தது. எண்பதுகளில் சோடியம் பொலிஅக்ரிலேட் என்ற பொடியைச் சேர்த்தார்கள். உபயோகித்த பெம்பஸ் ஒன்றைக் கிழித்துப் பார்த்தால் பஞ்சுக்கு நடுவில் ஜெலிபோலப் பளபளக்கும் சிறு மணிகள் தெரியும். காய்ந்திருக்கும்போது அவை சீனிப் பருக்கை அளவுகூட இருக்காது. ஈரத்தைத் தன் எடையைப்போலப் பல மடங்கு இழுத்துக்கொண்டு ஊதிவிடும், அழுத்தினாலும் சுலபத்தில் விடாது. பிள்ளையின் தோலில் ஈரம் தங்காது. இரவில் பிள்ளை விழிக்காமல் தூங்குவது இதனால்தான்.

அந்த நன்மையே வினையாகவும் போகிறது. "இன்னும் தாங்கும், இன்னும் தாங்கும்" என்று பார்த்து, ஒன்றைப் பத்து மணி நேரம் விட்டுவிடுகிறோம். காசு மிச்சம் பிடிக்கப் பெம்பஸை நீட்டிக் கட்டுவது இரண்டு வழியிலும் நட்டம். உள்ளே மலம் கொஞ்சம் இருந்தாலும் அதுவும் மூத்திரமும் சேர்ந்து தோலை அரித்துவிடும். தொடையிடுக்கு சிவந்து வெந்துபோகும். ஈரமான பெம்பஸை வெயிலில் காயவைத்து மறுபடி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் மட்டும்தான் காயும், அழுக்கு அங்கேயே இருக்கும். அதற்கு ஒரு கிழிந்த சாரத் துண்டு எவ்வளவோ மேல். சிவந்துவிட்டால் பவுடர் போடாதீர்கள். வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, கொஞ்ச நேரம் ஒன்றும் கட்டாமல் விடுங்கள். துத்தநாக ஒட்சைட் களிம்பு பூசினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் ஆறும். மடிப்புக்குள் கடும் சிவப்பாகி, ஓரத்தில் சிறு சிறு பொட்டாகப் பரவினால் அது பூஞ்சணம். தோட்டத்து டிஸ்பென்சரிக்கோ டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ கொண்டுபோக வேண்டும். பெம்பஸ் கட்டினால் கால் வளைந்துவிடும் என்பது மட்டும் வீண் பயம். எல்லாப் பிள்ளையும் கொஞ்சம் வளைந்த காலோடுதான் பிறக்கிறது, இரண்டு வயதுக்குள் தானாக நிமிர்ந்துவிடும்.

இரண்டு கட்சிக்கும் நடுவில் மாமியாரிடம் இன்னொரு ஆயுதம் இருக்கிறது. அதைப் பற்றி அவரே பெரிதாகப் பேசமாட்டார். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் பிள்ளையை உட்கார வைத்து, "ஸ்ஸ்ஸ்" என்று ஒலி எழுப்புவது. தூங்கி எழுந்தவுடன், பால் குடித்துக் கொஞ்ச நேரத்தில். பிள்ளை சில வாரத்திலேயே அந்த ஒலிக்குப் பழகிவிடும். சீனத்தில் நடுவில் திறந்த காற்சட்டை போட்டு இதையே செய்கிறார்கள். நாளைக்கு மூன்று தடவை இப்படிப் பிடித்துவிட்டால் மூன்று துண்டு குறைகிறது. ஜூன் மாதத்துக் கணக்கில் அது பன்னிரண்டு துண்டு. சவர்க்காரக் கம்பனியோ பெம்பஸ் கம்பனியோ இதற்கு விளம்பரம் போடாது.

சுற்றாடலைப் பற்றிச் சொல்லாமல் போனால் கணக்கு முழுமையாகாது. பிரித்தானியாவின் சுற்றாடல் முகவரகம் 2008இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பிள்ளைக்கு இரண்டரை வருடத்துக்குப் பெம்பஸ் என்றால் 550 கிலோ, துணி என்றால் சராசரி 570 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான தாக்கம் என்று வந்தது. துணி தோற்றுவிட்டதா? அவர்கள் சூடான தண்ணீரில் மெஷினில் துவைத்து, சில வீடுகளில் மெஷினிலேயே காயவும் வைத்தார்கள். கொடியில் காயப்போட்டு, மெஷின் நிறையப் போட்டு, இரண்டாவது பிள்ளைக்கும் அதே துணியைக் கட்டினால் 200 கிலோ குறைகிறது என்று அதே ஆய்வு சொல்கிறது. நாம் பச்சைத் தண்ணீரில் கையால் துவைத்துக் கொடியில் போடுகிறவர்கள். இந்தப் போட்டியில் துணி நம் பக்கம்தான்.

பெம்பஸின் குப்பைக்கு நம்மிடம் உருப்படியான வழி இல்லை. தோட்டங்களுக்குச் செலவழிக்கப் பிரதேச சபைகளுக்கு இருந்த தடையை நீக்கி 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகளும் வந்தன. ஆனாலும் குப்பை டிராக்டர் எட்டிப் பார்க்காத லயங்கள் இன்னும் நிறைய. அங்கே பெம்பஸ் போவது தேயிலை மலைக் கானுக்கு, அல்லது கழிவறைக் குழிக்கு. குழியில் போட்டால் குழி சீக்கிரம் நிரம்பும், மக்காது, பிறகு அள்ளவும் முடியாது. கானில் போட்டால் முதல் பெருமழையில் ஓடைக்கு, ஓடையிலிருந்து காசல்ரீக்கோ மவுசாகலைக்கோ போகும். அந்தத் தண்ணீர் களனி கங்கையாகி, அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்து, கொழும்பார் குடிக்கிறார்கள். எரித்தால் பிளாஸ்டிக் புகை லயம் முழுக்கப் பரவும். டிராக்டர் வரும் இடமானால் மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, இறுக்கிச் சுருட்டி, நாய் இழுக்காத பையில் கட்டிக் கொடுங்கள். வராத இடமானால் குறைவாக உபயோகிப்பதைத் தவிர நான் சொல்ல ஒன்றுமில்லை. இந்தச் செலவைப் பக்கெட்டின் விலையில் யாரும் சேர்ப்பதில்லை.

சரி, முடிவாக என்ன செய்யலாம் என்று கேட்டால் நான் சொல்வது இது. வீட்டில் இருக்கும் பகல் முழுக்கத் துணி. பெம்பஸ் நாளைக்கு இரண்டு: இரவுக்கு ஒன்று, கிளினிக், பஸ் பயணம், கோயில் திருவிழா, அடைமழை என்று தேவைப்படும் நேரத்துக்கு ஒன்று. மாதம் 60, அதே 60 ரூபாய்க் கணக்கில் 3,600. ஆறு நாள் கூலி இரண்டு நாளாகக் குறைகிறது. மடுவம் மூன்று கேட்டால் அந்த மாதம் நாலாகப் போடுங்கள், பகல் பயண ஒன்றும் அதிலேயே அடங்கும். ஜூன், ஜூலையில் துணி காயாமல் போனால் தயங்காமல் ஒன்றிரண்டு கூட்டுங்கள், ஜனவரியில் குறைத்துக்கொள்ளலாம்.

இரவுப் பெம்பஸை மட்டும் எந்தச் சண்டையிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ராத்திரி மூன்று தடவை எழுந்து ஈரத்துணி மாற்றுகிறவள் காலையில் மழையில், படங்கைக் கட்டிக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, வழுக்குகிற சரிவில் நிற்கப்போகிறவள். அட்டையையும் குளவியையும் பாம்பையும் பார்த்துக் கால் வைக்க வேண்டியவள். அவளுடைய தூக்கத்துக்கு 60 ரூபாய் அதிகமென்று சொல்கிறவர் ராத்திரி தானே எழுந்து மாற்றலாம்.

பெம்பஸ் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: பக்கெட்டில் வயது பார்க்காதீர்கள், கிலோ பாருங்கள். நம் பிள்ளைகளில் குறைந்த எடையோடு பிறப்பவர்கள் அதிகம். பெரிய அளவு தொடையில் இடைவெளி விட்டு ஒழுகும். சின்ன அளவு இறுக்கும், வயிற்றில் சிவப்புக் கோடு போடும். கிளினிக்கில் நிறுத்துச் சொல்கிற எடையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். முதல் இரண்டு மாதம் எடை வேகமாக ஏறும் என்பதால் அப்போது சின்னப் பக்கெட்டே வாங்குங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு அளவு நிலைத்துவிடும், பத்தாம் தேதி பெரிய பக்கெட் எடுக்கலாம்.

கொழும்பில் கடையில் வேலை செய்கிற தம்பியோ சித்தப்பாவோ பிள்ளை பார்க்க வரும்போது என்ன கொண்டுவர என்று போனில் கேட்பார்கள். வழக்கமாக நாம் "ஒன்னும் வேணாம்" என்போம். அவர்கள் லேஸ் வைத்த சட்டை ஒன்று கொண்டுவருவார்கள், அதைப் பிள்ளை ஒரே ஒரு தடவை போடும். இந்தத் தடவை வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்: மீடியம், பெரிய பக்கெட், முடிந்தால் இரண்டு.